எழுதாமல் வைத்திருந்தது

நல்லமுத்துவின் கவ்வாத்துக் கத்தி செபமாலையின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு நேரம். வேலைக்குப் போகிறவர்கள் களத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் வெட்டு தலைக்கு வந்தது; செபமாலை கையைத் தூக்கினார். இரண்டாவது தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. நல்லமுத்து அவர் நெஞ்சில் காலை வைத்து மிதித்துக் கத்தியை உருவினான். அதற்குள் ஆட்கள் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

"விடுங்கடா. இன்னும் முடியல," என்றான். கத்தவில்லை. வேலை பாதியில் நிற்கிறது என்பதுபோலச் சொன்னான்.

செபமாலை லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செக்ரோல் கிளாக்கர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் போடுகிறவர். அவருடைய ஒரே மகள் பெற்றீசியா அந்த நேரம் ஹட்டனில், மஃறூப் முதலாளியின் மேல்மாடியில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தகவல் வந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: அப்பா செய்திருப்பார்.

தோட்டமும் அதையேதான் சொன்னது. சில நாட்களுக்கு முன் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் எட்டுப் பேருக்குப் பேர் வெட்டப்பட்டது. மாதம் முழுக்க அவர்கள் வேலைக்கு வரவில்லை என்று கம்ப்யூட்டர் அடித்த தாளில் இருந்தது. எட்டுப் பேரும் மாதம் முழுக்க மலையில் வேலையில்தான் நின்றார்கள். பேர் போனால் லயத்தில் குடியிருக்கிற அறை, காம்பராவும் போகும். நல்லமுத்துவின் மனைவி வேலாயியின் பேரிலிருந்த காம்பராவைக் காலி பண்ணக் காவல்காரர்கள் வந்தார்கள். சட்டி பானைகளைத் தூக்கி எறிந்தார்கள். வேலாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதம். ஒருவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். வாசலோரத்து வடிகால் கானில் விழுந்தாள். கானின் விளிம்பு கருங்கல். பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை.

நல்லமுத்து முந்தின வருடத்து வேலைநிறுத்தத்தில் செபமாலையின் சட்டைக் கொலரைப் பிடித்தவன். அதற்குப் பழிவாங்கத்தான் கிளாக்கர் ஐயா வேலாயியின் பேரை வெட்டினார், சந்தேகம் வராமலிருக்கக் கூட ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டார் என்று லயம் முழுக்கப் பேச்சு.

பெற்றீசியாவுக்கு அப்பாவைத் தெரியும். அம்மா சுகிர்தத்தின் இடது காது கேட்காமல் போனது அவர் அடித்துத்தான். அம்மா செத்த அன்றும் அதற்கு முந்தின நாளும் வீட்டில் அடி விழுந்தது. பெரட்டுக்குப் பிந்தி வந்த கிழவர்களை அவர் பிரம்பால் தட்டுவதைப் பாடசாலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள். அடிக்க அவளும் பழகினாள். கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில், தோட்டத்துக்காரி என்று சொன்ன பிள்ளையின் பல்லைத் தண்ணீர்க் குழாயில் மோதி உடைத்தாள். கணக்கில் கெட்டிக்காரி என்பதால் வெளியே அனுப்பாமல் விட்டார்கள். கொழும்பில் கம்ப்யூட்டர் படித்தாள். ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அவள் தங்கியிருந்த வீட்டின் கூரை எரிந்து உள்ளே விழுந்தது. ஒற்றைச் செருப்போடு மரக்கறி லொறியில் மலைக்குத் திரும்பினாள்.

அதே கலவரத்தில் எரிந்த ஒரு கட்டடத்தை ஹட்டனில் மஃறூப் மலிவாக வாங்கினார். சுவருக்கு வெள்ளை அடித்தார். மழைக்குக் கரி திரும்ப வெளியே வந்தது. மேல்மாடியில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை வைத்து, தோட்டங்களின் வரவுக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அவளை வேலைக்கு வைத்தார். தோட்டத்திலிருந்து அன்றன்றைய வரவுத் துண்டுச் சீட்டுகள் செபமாலையின் கை வழியாக வரும். அவள் அடித்துப் பதிவாள். மாத முடிவில் கம்ப்யூட்டர் தாள் அடித்துக் கொடுக்கும். முன்பு செபமாலை கையால் எழுதியது அது. இப்போது அவர் தாளை வாங்கிக் களத்தில் நின்று வாசிப்பார், அவ்வளவுதான்.

செபமாலை கிடந்த ஆஸ்பத்திரியின் வாசலில் நல்லமுத்துவின் தம்பி பொன்னையா குந்தியிருந்தான். அண்ணன் மறியல் சிறையில். இவன் வேலைக்குப் போகாமல் தினமும் வந்து அங்கே உட்கார்ந்தான்.

"உங்கப்பன்கிட்ட சொல்லு புள்ள," என்றான் அவளிடம். "இங்க இருக்கிற வரைக்கும்தான் உசுரு. கேட்டைத் தாண்டி வரட்டும். அண்ணன் விட்டதை நான் முடிக்கணும்."

உள்ளே போய் அப்பாவிடம் கேட்டாள். "நீங்களா பேரை வெட்டுனீங்க?"

கட்டுக்குள்ளிருந்த கையைப் பார்த்துக்கொண்டே செபமாலை சிரித்தார். "வெட்டாம? கொலரைப் புடிச்சவன் பொண்டாட்டிக்கு விருந்தா வைப்பாங்க?"

அவள் நம்பினாள். நம்ப விருப்பமாகவும் இருந்தது.

ஹட்டனுக்குத் திரும்பி அந்த எட்டுப் பேருடைய செக்ரோல் எண்களைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தாள். எட்டும் அடுத்தடுத்த எண்கள். இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. அதில் இராமையாவின் எண்ணும் இருந்தது. இராமையா செபமாலைக்குச் சாராயம் வாங்கி வருகிறவர். குடித்துவிட்டு விழுந்தால் வீட்டில் கொண்டுவந்து போடுகிறவரும் அவர்தான். அப்பா வேறு யாரை வெட்டினாலும் இராமையாவை வெட்டமாட்டார்.

எட்டு எண்களுக்கும் எதிரே ஒரு குறி இருந்தது. இந்தியாவுக்குப் போய்விட்டவர்களுக்கு அவள் போடுகிற குறி; அது விழுந்தால் மாதம் முழுக்க வரவில்லை என்று தாளில் வரும். அந்த மாதம் கீழ்க்கணக்கிலிருந்து யாரும் கப்பலேறவில்லை. மேற்கணக்கில்தான் ஒரு லயமே காலியாகி, ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறியது. மேற்கணக்கின் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தாள். டிஸ்க்கில் பேர் இருக்காது, எண்தான்; இரண்டு கணக்கிலும் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கும். அதே எட்டு எண்கள். போனவர்களுடைய எண்கள். ஆனால் அங்கே குறி இல்லை. அவள் போட்டிருந்தாள். நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்தப் பிற்பகலும் ஞாபகம் இருந்தது. மழை. லைட் மங்கியது. ஹட்டனில் லைட் மங்கினால் அடுத்தது கரண்ட் போகும். போய்த் திரும்பும்போது குதித்துக்கொண்டு வரும். அப்படி ஒருமுறை வந்ததில் ஒரு தோட்டத்தின் டிஸ்க் முழுதாக அழிந்தது. அதிலிருந்து மஃறூப் ஒரு சட்டம் வைத்திருந்தார்: லைட் மங்கினால் முதலில் டிஸ்க்கை உருவு. அவள் மேற்கணக்கை உருவினாள். கரண்ட் போகவில்லை. லைட் திரும்பப் பளிச்சென்று வந்தது. மேற்கணக்கில் வேலை முடிந்துவிட்டதால் கீழ்க்கணக்கின் டிஸ்க்கைச் செருகி வேலையைத் தொடர்ந்தாள்.

கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகத்தின் கடைசியில், இயந்திரம் எழுந்ததும் முதலில் ஓடுகிற அடிநிரல் அச்சாகியிருந்தது. டிஸ்க்கில் எழுதுவதும் வாசிப்பதும் அதன் பொறுப்பு. ஞாயிறு பூசை முடிந்து வந்து அதை வரிவரியாகப் படித்தாள். எழுதச் சொன்னதை அது உடனே எழுதுவதில்லை. எட்டுப் பேருடைய கணக்கு அளவுக்கு ஒரு துண்டை நினைவில் வைத்துக்கொள்ளும். பஃபர் என்று அதற்குப் பெயர். வேறு துண்டு தேவைப்படும்போதுதான் பழையதை டிஸ்க்கில் இறக்கும். எந்த இடத்தில் இறக்குவது என்று அதற்குத் தெரியும். உள்ளே இருப்பது எந்த டிஸ்க் என்று பார்ப்பதில்லை.

இரண்டு புது டிஸ்க்குகளை எடுத்தாள். ஒன்றில் முழுக்க ஒரு எழுத்தையும் மற்றதில் வேறொரு எழுத்தையும் நிரப்பினாள். முதல் டிஸ்க்கில் ஒரு துண்டைத் திருத்தினாள். அதை உருவினாள். இரண்டாவதைச் செருகிக் கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினாள். பிறகு அதைத் திறந்து பார்த்தபோது, நடுவில் முதல் டிஸ்க்கின் துண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டரின் பக்கத்தில் ஓங்கிக் குத்தினாள். தகரம் உள்ளே போனது. விரல் முட்டியில் தோல் உரிந்தது.

யாரும் வெட்டவில்லை. கப்பலேறிப் போனவர்களை அது கையில் வைத்திருந்து வேலாயியின் இடத்தில் இறக்கிவிட்டது.

திருத்துவது பெரிய வேலை இல்லை. ஆள் சாவியைத் தட்டுவதற்காகக் காத்திருக்கும் முன், கையில் எழுதாதது ஏதும் இருக்கிறதா என்று பார். இருந்தால் எழுதிவிட்டுக் காத்திரு. சில கட்டளைகள்தான். ஆனால் அடிநிரலுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்திருந்தது. எதையாவது எடுத்தால்தான் இதை வைக்கலாம். எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. அதை எடுத்தாள். லைட் போடாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே வைத்துச் சோதித்தாள். திரும்பத் திரும்ப டிஸ்க்கை உருவினாள், மாற்றினாள். ஒரு துண்டும் இடம் மாறவில்லை.

திங்கட்கிழமை மஃறூப் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க மகள் என்ட பேரு? மெசின் எழும்பினா 'மஃறூப் அன் சன்ஸ்' எண்டு வருமே."

"வெட்டிட்டேன் மொதலாளி. எடம் போதல."

"என்ட மெசின்ல எனக்கே எடமில்லயா?"

"உங்களுக்கு மகனே இல்லையே. அப்பறம் சன்ஸ் எதுக்கு?"

"நாலும் பொம்புளப் புள்ளதான். அது கடைக்கு ஒரு அந்தஸ்துக்குப் போட்டது."

பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"திருத்தியாச்சுதானே?"

"ஆச்சு."

"அப்ப வாய மூடிக்கொண்டு இரி. இந்தக் கட்டடம் ஒருக்கா எரிஞ்சது போதும்."

"சொல்லலேன்னா எங்கப்பாவைக் கொன்னுடுவாங்க."

"உனக்குத்தான் அந்த மனுசன் ஆகாதே."

"ஆகாதுதான். செய்யாததுக்குச் சாக வேணாம். அவரு செஞ்சதே எவ்வளவோ இருக்கு."

மஃறூப் எழுந்துபோய்க் கீழே கடைக்கதவைப் பாதி சாத்தினார்.

அன்று பின்னேரமே பஸ் ஏறி லயத்துக்குப் போனாள். வேலாயி, பொன்னையாவின் காம்பரா முன்திண்ணையில், இஸ்தோப்பில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பால் கசிந்து துணி நனைந்திருந்தது. பொன்னையா விறகு பிளந்துகொண்டிருந்தான். கிளாக்கர் மகள் வந்திருப்பது தெரிந்து லயத்து ஆட்கள் கூடினார்கள்.

பெற்றீசியா சொன்னாள். டிஸ்க் என்றால் புரியவில்லை. கொழுந்தை வைத்துச் சொன்னாள். "நிறுக்கிறப்ப ஒருத்தி கூடைக் கொழுந்தை இன்னொருத்தி பேர்ல போட்டுட்டா எப்பிடியோ, அப்பிடித்தான்."

"அப்பிடிப் போட்டா அது கணக்கப்பிள்ளை பார்த்த வேலை," என்றான் பொன்னையா. "கொழுந்து தானா எந்திரிச்சு நடந்து போவாது."

சிலர் சிரித்தார்கள்.

"இது தானாத்தான் போச்சு. மெசின் அப்பிடி."

"மெசினுக்கு எங்க மேல என்னா கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. அதுக்கு யாரையுமே தெரியாது."

"தெரியாமத்தான் சரியா எங்கண்ணன் பொண்டாட்டியப் போய்ப் புடிச்சிச்சாக்கும்?"

"எட்டுப் பேரைப் புடிச்சிருக்கு. எட்டும் வரிசை நம்பரு. இராமையா மாமாவும் அதுல இருக்காரு. அப்பா வெட்டுறதுன்னா அவரையா வெட்டுவாரு? நீங்களே சொல்லுங்க."

இராமையா கூட்டத்தின் பின்னால் நின்று தலையைச் சொறிந்தார். பொன்னையா கோடரியைக் கீழே வைத்தான்.

"அப்ப எங்கண்ணன் ஒண்ணுமே செய்யாதவனையா வெட்டிட்டு உள்ள கெடக்குது?"

"ஆமா."

கையில் கிடைத்த விறகுக் கட்டையை அவன் எறிந்தான். நெற்றியில் பட்டது. உட்கார்ந்துவிட்டாள். இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. ஒரு கிழவி, "பொட்டப்புள்ளடா," என்றாள். அதற்குமேல் யாரும் நகரவில்லை.

வேலாயி மட்டும், "இன்னொருக்கா சொல்லு," என்றாள்.

பெற்றீசியா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். வேலாயி முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். கடைசிவரை எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் நெற்றியில் தையலோடு, தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போனாள். தொரை சிங்களவர். அவளுடைய தாள்களைப் புரட்டினார். மஃறூப்பின் மெசின்தான் பிழை என்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தாள். எட்டுப் பேருக்கும் பேர் திரும்ப வந்தது. காம்பராக்களின் பூட்டைக் கழற்றினார்கள். காவல்காரர்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டதற்கு, அது வேறு விசயம் என்றார்.

அந்த வாரம் பொன்னையா ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவில்லை. வேலைக்குப் போனான். லயத்தில் அவளைப் பார்த்தால் பெண்கள், "மெசினுக்குப் பேதி நின்னுடுச்சா?" என்று கேட்டார்கள். அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைக்கத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் செபமாலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"தொரைகிட்ட என்னா சொன்ன?"

"நடந்ததை."

"நான் வெட்டலேன்னு சொன்னியா?"

"நீங்க வெட்டலப்பா."

"அது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல நீ யாரு?" குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். "முப்பது வருசமா அந்தத் தோட்டத்துல பேர் போட்டவன் நான். பேர் வெட்டினவனும் நான். நான் வர்றேன்னா லயத்து நாய்கூட எந்திரிச்சுப் போவும். நேத்து இராமையா வந்து இதே கட்டில்ல உட்கார்ந்து சொல்றான், 'பாவங்கய்யா நீங்க, சும்மா வெட்டுப்பட்டுட்டீங்க'ன்னு. பாவமாம். என்னையப் பார்த்து."

"அவங்க உங்களைக் கொல்ல இருந்தாங்கப்பா."

"கொல்லட்டும். கிளாக்கரைக் கொன்னோம்னு கொல்லட்டும். மெசினுக்குத் தாள் வாசிக்கிறவனைன்னு இல்ல."

இடது கையால் அவளை அறைந்தார். பழக்கமில்லாத கை. கன்னத்துக்கு ஓங்கியது நெற்றித் தையலில் விழுந்தது. தையல் பிரிந்தது. தாதி ஓடிவந்து சிங்களத்தில் ஏசினாள். செபமாலை தாதியிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டார். மகளைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை அவர் கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டி, மறுகையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனார். பெற்றீசியா கதவை மறித்தாள். தள்ளிவிட்டுப் போனார். அவள் பின்னால் ஓடினாள்.

வரிசை நின்றிருந்தது. வேலாயியும் கூடையோடு நின்றாள். பொன்னையா மம்பட்டியைத் தோளில் வைத்திருந்தான். கான் வெட்டப் போகிற ஆட்களின் வரிசை அது. அவருக்குப் பதிலாகத் தாள் வாசிக்க வந்த மேற்பார்வைக்காரர் கண்டாக்கு, செபமாலையைப் பார்த்துவிட்டு, "வாங்க, எப்பிடி இருக்கு கை?" என்றார். செபமாலை படியில் ஏறி நின்றார்.

"எந்த நாய் சொன்னது மெசின் வெட்டுச்சின்னு?"

வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"மெசினுக்கு உங்களைத் தெரியுமாடா? எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தனையும் தெரியும். நான்தான் வெட்டினேன். பார்த்துப் பார்த்து வெட்டினேன். மொதப் பேரு வேலாயி."

"பொய்," என்று பெற்றீசியா கத்தினாள். "பொய் சொல்றாரு. நம்பாதீங்க."

ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"என்னையுமாங்கய்யா?" என்றார் இராமையா.

"உன்னையும்தான்டா. ஓசிச் சாராயத்துக்கு நான் அடிமையா?"

பொன்னையா வரிசையை விட்டு வெளியே வந்தான். அவசரப்படவில்லை. செபமாலை படியிலிருந்து இறங்கி நின்றார். கையைத் தூக்கவில்லை. மம்பட்டியின் பின்பக்கம் முதலில் காதுக்கு மேலே விழுந்தது. முழங்கால் மடிந்தது. பிறகு தகடு. அப்புறம் பெற்றீசியா பொன்னையாவின் முதுகில் தொங்கிக் கழுத்தைக் கடித்தாள். அவன் முழங்கையால் அவளை நெஞ்சில் இடித்துத் தள்ளிவிட்டு இன்னொரு முறை ஓங்கினான். நல்லமுத்துவைப் பிடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் பிடிக்கவில்லை. கண்டாக்கு ஒபீஸுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்.

முடிந்ததும் பொன்னையா மம்பட்டியைப் புல்லில் துடைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். வரிசை கலைந்தது. செபமாலை குப்புறக் கிடந்தார். கோட்டு முதுகில் ஏறியிருந்தது.

வேலாயி போகாமல் நின்றாள். பெற்றீசியாவின் அருகில் வந்தாள்.

"நீ சொன்னதுதானே நெசம்?"

"ஆமா."

"அன்னைக்கே தெரியும் எனக்கு."

"தெரியும்னா ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க."

வேலாயி கூடையை இறக்கி வைத்தாள். மார்பில் கட்டிய துணி அவிழ்ந்திருந்தது. அதை இழுத்து முடிந்தாள்.

"சொன்னா எம்புள்ள சும்மா செத்ததாயிரும்," என்றாள்.

பொலிஸ் ஜீப் வரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.